விளக்கம் திருப்திகரமாக இல்லை



நான் பர்சனல் ஆபிசராக இருந்த காலத்தில் மிக அதிகமாகக் கையெழுத்திட்ட வாக்கியம் ஒன்று உண்டு. ‘தங்கள் விளக்கம் திருப்திகரமாக இல்லை.’ பின்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். உங்களுக்கும் பழக்கமானதுதான். மெமோ கொடுப்போம், 48 மணி நேரத்தில் விளக்கம் கேட்போம், விளக்கம் வரும். அதைப் படித்தோமோ இல்லையோ, இந்த வாக்கியத்தை டைப் அடித்து அடுத்த கடிதத்தை அனுப்பிவிடுவோம். இதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டால் ரிப்பன் மிச்சமாகுமே என்று எங்கள் டைப்பிஸ்ட் ஒருமுறை கேட்டார்.

1980களின் தொடக்கம். சென்னையை ஒட்டிய ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். பிரஸ் ஷாப்பில் இரவு ஷிஃப்டில் ரிஜெக்‌ஷன் ஏறிக்கொண்டே போனது. ரிப்போர்ட்டில் ஒரு ஆபரேட்டரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. மூன்று மாதத்தில் மூன்று மெமோ கொடுத்தேன். மூன்றுக்கும் பதில் எழுதினார். மூன்றுக்கும் என் வாக்கியம் போயிற்று. சார்ஜ் ஷீட் தயாரிப்பதற்காக ஃபைலை எடுத்தபோதுதான் அவருடைய முதல் பதிலை முழுக்கப் படித்தேன். நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள், நீலப் பேனா. மூன்றாவது வரியில் எல்லாம் இருந்தது: ராத்திரி பதினொரு மணிக்கு மேல் டை மழுங்கிவிடுகிறது, டூல் ரூமைச் சாயங்காலமே பூட்டிவிடுகிறார்கள், தீட்டிக் கொடுக்க ஆளில்லை.

மூன்று மாதமாக அந்த வரி என் அலமாரியில்தான் இருந்திருக்கிறது.

மனிதவளத் துறையில் இருப்பவர்கள் படிக்க வேண்டிய மேலாண்மைச் சிந்தனையாளர்களைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். பத்துப் பெயர், பத்துப் புத்தகம் என்று எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னிக்க வேண்டும். அந்த மாதிரிப் பட்டியல் எந்த எம்.பி.ஏ. பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலும் கிடைக்கும். நான் அந்தத் தாளைப் படித்த நாளிலிருந்து ஒரே ஒரு கேள்வியோடு புத்தகங்களைத் தேடிப் போனவன். ‘இந்த ஆளுக்கு என்ன கோளாறு?’ என்று கேட்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ‘இந்த இடத்தில் என்ன நடக்கிறது?’ என்று கேட்டவர்கள் யாராவது உண்டா? உண்டு. அவர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு அம்மையார். மேரி பார்க்கர் ஃபாலட். 1868ல் அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் குயின்ஸி என்ற ஊரில் பிறந்தவர். பெண்களை ஹார்வர்டுக்குள் விடாத காலம். அதன் ஓரத்தில் பெண்களுக்கென்று இருந்த கல்லூரியில் படித்தார். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் பதவியைப் பற்றி 1896லேயே புத்தகம் எழுதியவர். ஆனால் பல்கலைக்கழகத்தில் உட்காரவில்லை. பாஸ்டனில் ராக்ஸ்பரி என்ற உழைப்பாளர் பகுதிக்குப் போனார். பள்ளிக்கூடக் கட்டடங்கள் சாயங்காலமானால் சும்மாதானே கிடக்கின்றன, அவற்றைத் திறந்துவிட்டால் வேலைக்குப் போய்வரும் இளைஞர்கள் கூடலாமே என்று போராடித் திறக்க வைத்தார். குறைந்தபட்சக் கூலி வாரியத்தில் உட்கார்ந்து முதலாளிகளும் தொழிலாளர்களும் மோதுவதை எதிரில் இருந்து பார்த்தார். ஒரு கம்பெனியையும் நடத்தியதில்லை. 1925ல் நியூயார்க்கில் தொழில் நிர்வாகிகளுக்கு அவர் தொடர்ச்சியாக உரைகள் நிகழ்த்தினார். நான் இன்று பரிந்துரைக்கும் முதல் வாசிப்பு அந்த உரைகள்தான்.

அவற்றில் ஒன்று, உத்தரவு கொடுப்பதைப் பற்றியது. நாம் நாள் முழுக்கச் செய்கிற வேலை. சர்க்குலர், நோட்டீஸ் போர்டு, மெயில், எல்லாம் உத்தரவு. ஃபாலட் கேட்கிறார்: சொன்னதும் ஒருவர் ஏன் முரண்டு பிடிக்கிறார்? உத்தரவு ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்குப் போகிறது. அதனால் கேட்பவர் அதில் வேலையைப் பார்ப்பதற்கு முன் சொன்னவரைப் பார்க்கிறார். அப்படியென்றால் இருவரும் சேர்ந்து நிலைமையைப் பார்க்கட்டும், நிலைமை என்ன கேட்கிறதோ அதை இருவரும் ஏற்கட்டும். இதை அவர் நிலைமையின் சட்டம் என்கிறார். கேட்க எளிது. நம் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி நடக்கும்போது பாருங்கள், சாம்பார் வாளி காலியானதும் யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. பெரியப்பாவும் ஓடுகிறார், பத்தாம் வகுப்புப் பையனும் ஓடுகிறான். இலை முன் உட்கார்ந்திருப்பவரின் வெறுஞ்சோறு இருவரையும் விரட்டுகிறது.

அதிகாரத்தைப் பற்றியும் அவர் இப்படித்தான் யோசித்தார். ஒருவர்மேல் செலுத்தும் அதிகாரம் ஒன்று. ஒருவரோடு சேர்ந்து உண்டாக்கிக்கொள்ளும் அதிகாரம் இன்னொன்று. முதலாவதை ஒருவர் எடுத்தால் மற்றவர் இழப்பார். இரண்டாவது அப்படிப்பட்ட சரக்கு அல்ல, இரண்டு பக்கமும் கூடலாம் என்பது அவர் கட்சி.

எனக்கு மிகவும் உபயோகமாக இருந்தது சச்சரவைப் பற்றிய உரை. ஹார்வர்டு நூலகத்தில் ஒரு சின்ன அறை. ஒருவருக்கு ஜன்னலைத் திறக்க வேண்டும். ஃபாலட்டுக்கு மூட வேண்டும். பாதி திறந்து பாதி மூடினால் சமரசம்; இருவருக்கும் பாதி எரிச்சல். அவர்கள் யாரும் உட்காராத அடுத்த அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்குத் தேவைப்பட்டது காற்று. இவருக்கு வேண்டாதிருந்தது முகத்தில் அடிக்கும் வடகாற்று. கேட்டது ஒன்று, தேவை வேறொன்று.

இன்னொரு உதாரணம் பால் பண்ணையாளர்களின் கூட்டுறவுச் சங்கம். நம் ஊர்ப் பால் சொசைட்டியில் விடியற்காலையில் கேன் இறக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய பால் நிலையம் மலைச்சரிவில் இருந்தது. மேலிருந்து இறங்கி வருகிறவர்கள் தங்கள் கேனைத்தான் முதலில் இறக்க வேண்டும் என்கிறார்கள். கீழிருந்து ஏறி வருகிறவர்கள் எங்களுக்குத்தான் முதலிடம் என்கிறார்கள். சங்கமே உடையும் நிலை. ஒரு நாள் அவர்கள், ஒரு நாள் இவர்கள் என்று முறை வைத்திருப்போம், நாமாக இருந்தால். அங்கே கேன் இறக்கும் மேடையை இடம் மாற்றிப் போட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இறக்கினார்கள். யார் முதலில் என்று சண்டை போட்டவரையில் யாரும் மேடையைப் பார்க்கவே இல்லை.

இதைப் படித்துவிட்டு நான் போனஸ் பேச்சுவார்த்தைக்குப் போய் உட்கார்ந்தேன். யூனியன்காரர்கள் போனஸ் சட்டத்தின் உச்சவரம்பான 20 சதவீதத்தில் தொடங்கினார்கள், நாங்கள் குறைந்தபட்சமான 8.33ல் தொடங்கினோம். பத்து நாள் கழித்து நடுவில் எங்கோ முடித்து, 12(3) ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, டீ குடித்துக் கலைந்தோம். மேடை எங்கே என்று தேட எனக்குத் தெரியவில்லை. ஃபாலட்டை மேடையில் ஏற்றிப் புகழ்வது சுலபம், பணத்தைப் பங்கு போடும்போது அவரைக் கூட்டிப் போவது கஷ்டம். இது அவருக்கும் தெரியும். எல்லாச் சச்சரவையும் இப்படித் தீர்த்துவிட முடியாது என்று அவரே சொல்கிறார்: இரண்டு ஆண்கள் ஒரே பெண்ணை மணக்க விரும்பினால் முடியாது, இரண்டு மகன்கள் பழைய குடும்ப வீட்டைக் கேட்டால் முடியாது. அந்த இரண்டாவது உதாரணத்தைப் படித்தபோது இந்த அம்மாள் எங்கள் தெருவிலும் இருந்திருப்பாரோ என்று நினைத்தேன்.

ஃபாலட் 1933ல் இறந்தார். பிறகு மறந்தே போனார்கள். மேலாண்மை எழுத்தாளர் பீட்டர் டிரக்கர் பின்னாளில் அவரை மேலாண்மையின் தீர்க்கதரிசி என்றார். 1995ல் வந்த தொகுப்புக்கு அதையே தலைப்பாக வைத்தார்கள்.

டிரக்கர் பெயர் வந்துவிட்டதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1954ல் அவர் எழுதிய ‘தி பிராக்டிஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்’ நூலில், பர்சனல் மேனேஜ்மென்ட் திவாலாகிவிட்டதா என்று ஒரு அத்தியாயம் உண்டு. அந்த வேலை கொஞ்சம் ஃபைல் குமாஸ்தா வேலை, கொஞ்சம் வீட்டு நிர்வாகம், கொஞ்சம் சமூக சேவை, கொஞ்சம் யூனியன் தீயை அணைப்பது என்று எழுதுகிறார். நான் உத்தியோகத்தில் சேர்ந்தபோது, 500 தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருந்தால் நல அலுவலர் வைக்க வேண்டும் என்ற 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 49ஆம் பிரிவுக்காகத்தான் என்னை எடுத்தார்கள். காலையில் கேன்டீன் இட்லியின் எடையைப் பார்ப்பேன், மத்தியானம் யூனிஃபார்ம் துணியின் சாயம் போகிறதா என்று தண்ணீரில் முக்கிப் பார்ப்பேன், சாயங்காலம் கேட் மீட்டிங்கில் யார் என்ன பேசினார்கள் என்று மேலே சொல்வேன். டிரக்கர் என்னை நேரில் பார்த்துவிட்டுத்தான் அந்த அத்தியாயத்தை எழுதினார் என்று இன்றும் நம்புகிறேன்.

டெய்லரைத் திட்டாமல் மனிதவளக் கூட்டம் நடக்காது. திட்டுங்கள், ஆனால் படித்துவிட்டுத் திட்டுங்கள். 1911ல் வந்த அவருடைய ‘விஞ்ஞான மேலாண்மையின் கோட்பாடுகள்’ மெல்லிய புத்தகம். பெத்லஹம் எஃகு ஆலையில் இரும்புக் கட்டி சுமப்பவர்கள் நாளுக்கு 12½ டன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டெய்லர் அதை 47 டன் ஆக்கிக் காட்டினார். ஷ்மிட் என்று அவர் பெயர் மாற்றி எழுதும் தொழிலாளிக்கு நாள் கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 ஆயிற்று. இந்த வேலைக்கு மாடு மாதிரி மந்தமான ஆள்தான் வேண்டும் என்கிறார். பாடப்புத்தகங்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் அதே ஷ்மிட், சின்னதாக ஒரு நிலம் வாங்கி, காலையில் வேலைக்கு வரும் முன்பும் சாயங்காலம் போன பின்பும் தன் கையால் வீடு கட்டிக்கொண்டிருந்தார் என்பதையும் டெய்லரேதான் எழுதுகிறார். அதே புத்தகத்தில். நிலம் பேரம் பேசி வாங்கி, அஸ்திவாரம் போட்டு, சுவர் எழுப்பும் ஒரு மனிதனைப் பார்த்துக்கொண்டே அவனுக்கு யோசிக்கத் தெரியாது என்று எழுத முடிகிறது. மூலநூலைப் படித்தால்தான் இந்த மாதிரி இடத்தில் கால் இடறும்.

எல்டன் மேயோவுக்கு வருவோம், அவர் பெயரோடு சேர்ந்துவிட்ட ஹாதார்ன் ஆய்வுக்கு. சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஆலை, 1924 முதல் 1932 வரை. நமக்குச் சொல்லித்தந்த கதை இது: வெளிச்சத்தைக் கூட்டினார்கள், உற்பத்தி கூடியது; குறைத்தார்கள், அப்போதும் கூடியது; ஆகவே மனிதர்களைக் கவனித்தால் போதும். அன்பான கதை. ஆனால் ரிலே பொருத்தும் அறையில் இருந்த ஐந்து பெண்களில் இருவரை, அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று நடுவிலேயே வெளியேற்றிவிட்டு வேறு இருவரைப் போட்டார்கள் என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. கவனிப்பும் இருந்தது, கத்தியும் இருந்தது.

இதைவிட முக்கியம் கடைசியாக நடந்த கம்பி இணைக்கும் அறை ஆய்வு. பதினான்கு ஆண்கள். நாளுக்கு இவ்வளவுதான் என்று தங்களுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அதற்கு மேல் செய்பவனின் தோளில் ஒரு குத்து விழும். குறைவாகச் செய்பவனுக்கும் மரியாதை இல்லை. அதிகம் செய்தால் பீஸ் ரேட்டைக் குறைப்பார்கள், இல்லையென்றால் ஆளைக் குறைப்பார்கள் என்ற பயம். பொருளாதார மந்தம் நாட்டையே பிடித்திருந்த நேரம். ஆலையில் ஆட்குறைப்பும் நடந்தது. அவர்கள் பயந்தது தப்பா? மேயோ பரம்பரையினர் இதைத் தொழிலாளியின் உணர்ச்சிப் பிரச்சினையாகப் பார்க்க முயன்றார்கள். அந்த ஆலையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார்கள்; மனக்குறையைக் கொட்டினால் மனம் லேசாகும் என்று கண்டார்கள். குறை அப்படியே இருந்தால்? இன்று நாம் அனுப்பும் எங்கேஜ்மென்ட் சர்வேக்கு இதுதான் கொள்ளுத்தாத்தா. கேட்கிறோம், ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்கிறோம், வண்ண வண்ணமாய் வரைபடம் போடுகிறோம், மேடையை மட்டும் நகர்த்துவதில்லை.

இந்த இடத்தில், எந்த மேலாண்மைப் பட்டியலிலும் வராத ஒருவரைச் சேர்க்க அனுமதி வேண்டும். திரு.வி.க. 1918ல் பெரம்பூரில் பக்கிங்ஹாம்-கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது பி.பி.வாடியாவோடு கூட நின்றவர். அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் தொழிலாளர் இயக்கம் பற்றிய பகுதிகளை நம் துறையினர் படிக்க வேண்டும். எதிர்ப்பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தால் நம் அறை எப்படித் தெரிகிறது என்பதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை.

அடுத்தவர் டக்ளஸ் மக்ரேகர். தியரி எக்ஸ், தியரி ஒய். இண்டர்வியூவில் நான் இதைக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர், ‘எக்ஸ் டைப் ஆட்கள் சோம்பேறிகள், ஒய் டைப் ஆட்கள் பொறுப்பானவர்கள் சார்’ என்பார்கள். அவர் 1960ல் எழுதிய ‘தி ஹ்யூமன் சைட் ஆஃப் என்டர்பிரைஸ்’ சொல்வது நேர் எதிர். எக்ஸும் ஒய்யும் தொழிலாளியின் வகை அல்ல, மேலாளரின் தலைக்குள் இருக்கும் நம்பிக்கை. ஆட்கள் ஏமாற்றுவார்கள் என்று நம்பி விதி போடுகிறீர்கள். அந்த விதிக்குள் நடக்க ஆட்கள் ஏமாற்றக் கற்கிறார்கள். பார்த்தாயா, நான் சொன்னேனே என்கிறீர்கள். உங்கள் கம்பெனி லீவ் பாலிசியை ஒருமுறை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். காய்ச்சலுக்கு ஒரு நாள் லீவு போட்டால் டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்கிறோம். விளைவு, ஒரு நாள் காய்ச்சலுக்கு மூன்று நாள் லீவு. செலவழித்து வாங்கிய சர்ட்டிபிகேட்டை வீணாக்குவானேன்?

மக்ரேகரின் குடும்பம் டெட்ராய்ட்டில் வேலையற்றவர்களுக்கான விடுதி நடத்திய குடும்பம். எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவர் நடுவில் ஆறு ஆண்டுகள் ஆன்டியாக் கல்லூரியின் தலைவராகப் போனார். 1954ல் விடைபெறும்போது ஒப்புக்கொண்டார்: தலைவர் ஒரு ஆலோசகர் மாதிரி இருந்துவிடலாம், அதிகாரத்தைத் தொடாமலே நடத்தலாம், எல்லோருக்கும் பிடித்தவராக இருக்கலாம் என்று நம்பிப் போனேன், அது நடக்கவில்லை என்று. தன் கொள்கையைத் தானே நாற்காலியில் வைத்துச் சோதித்து, தோற்ற இடத்தையும் எழுதியவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

புத்தகத்துக்கு முன்பே, 1957ல், ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் அப்ரைசலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மேனேஜர்கள் அப்ரைசல் பண்ணத் தயங்குகிறார்கள், பயிற்சி கொடுத்தால் சரியாகும் என்று எல்லோரும் நினைத்தபோது, அந்தத் தயக்கம் ஆரோக்கியமானது என்றார். சக மனிதனின் மதிப்பை எடைபோட்டு அவன் முகத்துக்கு நேரே சொல்வது கடவுள் வேலை. அதைச் செய்யச் சொன்னால் சாதாரண மனிதனுக்கு உறுத்தத்தான் செய்யும். பதிலாக, அவரவர் தங்கள் இலக்கைத் தாங்களே வகுத்துக்கொண்டு மேலதிகாரியோடு உட்கார்ந்து பேசட்டும் என்பது அவர் யோசனை. கட்டுரைக்கு வயது எழுபதை நெருங்குகிறது. ஒவ்வொரு ஏப்ரலிலும் நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதே விஷயத்தை எந்தக் கூச்சமும் இல்லாமல் உடைத்தவர் எட்வர்ட்ஸ் டெமிங். புள்ளியியல்காரர், 1950ல் ஜப்பானுக்குப் போய்த் தரக் கட்டுப்பாடு கற்றுக்கொடுத்தவர். தரத் துறைக்காரர்கள் அவரைத் தங்கள் சொத்தாக வைத்துக்கொண்டார்கள். அவர் நம்முடைய ஆளும்தான். ஆண்டு அப்ரைசலையும் மெரிட் ரேட்டிங்கையும் மேலாண்மையைக் கொல்லும் நோய்களின் வரிசையில் வைத்தவர் அவர்.

அவர் வகுப்பில் ஒரு விளையாட்டு நடத்துவார். பெரிய பாத்திரத்தில் 3,200 வெள்ளை மணி, 800 சிவப்பு மணி. ஐம்பது குழி உள்ள ஒரு துடுப்பு. ஆறு பேரைத் தொழிலாளர்களாக அழைத்து, துடுப்பைப் பாத்திரத்தில் விட்டு மணிகளை எடுக்கச் சொல்வார். வாடிக்கையாளருக்கு வெள்ளைதான் வேண்டும். சிவப்பு எல்லாம் ரிஜெக்‌ஷன். ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு கலந்த பாத்திரத்தில் யார் துடுப்பு விட்டாலும் சராசரியாகப் பத்து சிவப்பு வரத்தான் செய்யும். டெமிங் முதலாளி வேஷம் போட்டு, ஆறு சிவப்பு எடுத்தவருக்குக் கைதட்டச் சொல்வார், சம்பள உயர்வு கொடுப்பார். பதினைந்து எடுத்தவரைக் கண்டிப்பார். மறுநாள் கைதட்டல் வாங்கியவர் பதினொன்று எடுப்பார், தலையில் கனம் ஏறிவிட்டது என்பார் டெமிங். கடைசியில் மோசமான மூன்று பேரை வேலையை விட்டு நீக்கிவிட்டு நல்ல மூன்று பேரை வைத்துக்கொள்வார். சிவப்பு அவ்வளவேதான் வரும். பார்ப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஆபரேட்டரின் மழுங்கிய டை அந்தப் பாத்திரத்துக்குள் கிடந்தது.

டெமிங்கைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஜப்பானியர் அவர் பெயரில் 1951ல் ஏற்படுத்திய பரிசை 1998ல் முதன்முதலாக ஓர் இந்திய நிறுவனம் வாங்கியது. பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. அடுத்த சில ஆண்டுகளில் டி.வி.எஸ். மோட்டார், ரானே பிரேக் லைனிங் என்று சென்னை, ஓசூர் வட்டாரமே அந்தப் பரிசின் வட்டாரமானது. அதே வட்டாரத்துக் கூட்டங்களில், பெல் கர்வ் போட்டு ஆட்களை வரிசைப்படுத்தும் மென்பொருளை விற்க வருகிறவர்களும் டெமிங்கின் படத்தைத்தான் முதல் ஸ்லைடில் போடுகிறார்கள். அவர் உயிரோடிருந்தால் ஸ்லைடிலிருந்து இறங்கி வந்து அடித்திருப்பார். பெல் கர்வ் வேறொரு வீட்டுப் பிள்ளை. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் வளர்த்தது: மேலே 20 சதவீதம், நடுவில் 70, கீழே 10 சதவீதத்துக்கு வழியனுப்பு. மைக்ரோசாஃப்ட் 2013ல் அந்த வரிசைப்படுத்தலைக் கைவிட்டது. நம் ஊரில் அதற்கு அப்புறம்தான் புதிதாகப் போடத் தொடங்கிய கம்பெனிகளை எனக்குத் தெரியும்.

இந்தியாவில் யாரும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். 1974ல் லார்சன் அண்ட் டூப்ரோ தன் அப்ரைசல் முறையைச் சீர்செய்ய உதய் பரீக், டி.வி.ராவ் என்ற இரு பேராசிரியர்களை அழைத்தது. அவர்கள் படிவத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போகாமல், அப்ரைசல், ஆலோசனை, பயிற்சி, வளர்ச்சி எல்லாம் ஒரே முறையின் உறுப்புகள், இதற்கென்று தனித் துறை வேண்டும் என்றார்கள். எச்.ஆர்.டி. என்ற பெயரில் நாட்டில் முதல் துறை அப்படித்தான் பிறந்தது. அவர்கள் ‘டி’ என்ற எழுத்தில், வளர்ச்சியில், அழுத்தம் வைத்தார்கள். பல இடங்களில் அந்த எழுத்து கழன்று விழுந்துவிட்டது, எச்.ஆர். மட்டும் மிச்சம்.

அதற்கும் முன்னால், 1953ல், அகமதாபாத் காலிகோ மில்லில் நடந்த ஒரு காரியம் உண்டு. லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தின் ஏ.கே.ரைஸ் அங்கே வந்தார். தானியங்கித் தறிகள் போட்டும் உற்பத்தி எதிர்பார்த்தபடி ஏறவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட தறிகளுக்கு, நெய்பவர், இழை முடிபவர், எண்ணெய் விடுபவர், பெருக்குபவர் என்று வேலையைப் பன்னிரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். யார் யாரோடு சேர்ந்து வேலை செய்கிறார் என்பதே புரியாத ஏற்பாடு. ஒரு தொகுதித் தறிக்கு ஒரு சிறு குழு முழுப்பொறுப்பு என்று மாற்றினால் என்ன என்று ரைஸ் பேச்சை எடுத்ததும், மேஸ்திரிகளும் தொழிலாளர்களும் அதைக் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, தாங்களே குழு பிரித்துக்கொண்டார்கள். துணியில் சேதம் குறைந்தது, உற்பத்தி ஏறியது. பல ஆண்டுகள் கழித்து இன்னொரு ஆய்வாளர் திரும்பிப் போய்ப் பார்த்தபோது சில கூடங்களில் அது கரைந்து போயிருந்தது. ஏன் கரைந்தது என்பதையும் எழுதிவைத்திருக்கிறார்கள். வெற்றிக் கதைகளைவிட அந்தப் பகுதிதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

கடைசியாக, இப்போதும் எழுதிக்கொண்டிருப்பவர் ஒருவர். ஏமி எட்மண்ட்ஸன். 1990களில் ஆராய்ச்சி மாணவியாக மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது; நல்ல குழுக்களில்தான் தவறு அதிகம். ஆராய்ச்சியே போச்சு என்று கலங்கியிருப்பார். யோசித்துப் பார்த்து, பிறகு விசாரித்ததில் வேறொன்று தெரிந்தது. நல்ல குழுக்களில் நர்ஸ்கள் தவறைச் சொன்னார்கள். மற்ற வார்டுகளில் மறைத்தார்கள். 1999ல் வந்த அவருடைய கட்டுரையிலிருந்து ‘உளப் பாதுகாப்பு’ என்ற சொல் உலகம் முழுக்கப் பரவி, இப்போது கம்பெனிச் சுவர்களில் போஸ்டராகவும் தொங்குகிறது. போஸ்டரை விடுங்கள். ஒரு பிரிவில் ஒரு குறையும் பதிவாகவில்லை என்று ரிப்போர்ட் வந்தால் பாராட்டுக் கடிதம் டைப் அடிப்பதற்கு முன் ஒருமுறை அங்கே நேரில் போய் நில்லுங்கள். எட்மண்ட்ஸனிடம் நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: மக்ரேகரின் 1957ஆம் ஆண்டுக் கட்டுரை. ஒரு மதிய இடைவேளைக்குள் படித்துவிடலாம். பிறகு ஃபாலட். அவர் மெதுவாகத்தான் நுழைவார், அவசரம் வேண்டாம். டெமிங்கின் ‘அவுட் ஆஃப் தி கிரைசிஸ்’ ஒழுங்கில்லாத புத்தகம், தாத்தா திட்டுவது போல் இருக்கும், நடுவில் எங்கே திறந்தாலும் படிக்கலாம்.

அந்த ஆபரேட்டர் என்ன ஆனார் என்று கேட்காமல் என்னை மேடையை விட்டு இறங்க விடமாட்டீர்கள். சார்ஜ் ஷீட் போகவில்லை. இரண்டு மாதம் இழுத்தடித்த பிறகு இரவு ஷிஃப்டுக்கு டூல் ரூமில் ஒருவரைப் போட்டார்கள். மூன்று மெமோவையும் அவர் ஃபைலிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். பக்க எண் போட்டாயிற்று, எடுக்க விதியில்லை என்றார் ஹெட் கிளார்க். அவர் சொன்னது சரிதான். அதனால் ஒரு வெள்ளைத் தாளில் கையாலேயே எழுதினேன்: ‘மூன்று விளக்கங்களும் படிக்கப்பட்டன. டை மழுங்கியிருந்தது. இரவில் டூல் ரூம் இல்லை.’ கையெழுத்திட்டு, தேதி போட்டு, அடுத்த பக்க எண் கொடுத்து ஃபைலில் கோர்த்தேன்.